தொண்டைப் புண் எல்லாம் சூட்டுப் புண் அல்ல: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும் வைரஸ் புண்கள்

சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் ஒத்துக்கொள்கிற மருத்துவக் கருத்து ஒன்று உண்டு. வாயிலோ தொண்டையிலோ புண் வந்தால் அது உடம்புச் சூடு. டுரியான் கொஞ்சம் கூடிப்போச்சு, ராத்திரி தூக்கமில்லை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. உடனே பார்லித் தண்ணீர், சாமந்திப்பூ டீ, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, தேக்கா சந்தையில் வாங்கிய மணத்தக்காளிக் கீரை. பெரும்பாலோருக்கு இது போதும். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். பெயர் மட்டும் பார்லித் தண்ணீருக்குப் போகும்.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், கீமோ எடுப்பவர், நீண்ட நாள் ஸ்டீராய்ட் சாப்பிடுபவர், சிகிச்சை எடுக்காத எச்ஐவி தொற்று உள்ளவர் ஆகியோரின் கதை வேறு. அவர்களுக்கு விழுங்கும்போது வலி என்றால் அதைச் சூடு என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டக் கூடாது. ஏன் கூடாது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

புண் இருக்கும் இடம்

சிறுநீரக மாற்று முடிந்து எட்டு மாதம் ஆன ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். "தொண்டை வலிக்குது" என்கிறார். பக்கத்துக் கிளினிக் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. வலி மாத்திரையும் தொண்டைக்குச் சப்புகிற மிட்டாயும் கொடுத்து அனுப்புகிறார். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்கிறாள்: "அப்பா, சரியா எந்த இடத்துல வலிக்குது? தொட்டுக் காட்டுங்க." அப்பாவின் கை கழுத்துக்குப் போகவில்லை. நெஞ்சின் நடுவில், எலும்பின் மேல் போய் நிற்கிறது. சூடாகத் தே குடித்தால் அது இறங்குகிற வழியெல்லாம் எரிகிறது என்கிறார்.

அவர் காட்டிய இடம் உணவுக்குழாய். தொண்டையிலிருந்து இரைப்பைக்கு உணவைக் கொண்டுபோகும், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக் குழாய் அது. டார்ச் வெளிச்சம் அவ்வளவு கீழே எட்டாது. நாம் பொதுவாகத் தொண்டைப் புண் என்று சொல்வதில், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உண்மையான தொல்லை பெரும்பாலும் இங்கேதான். வாயிலும் தொண்டையிலும் புண் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'தொண்டை நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக நிம்மதி அடைய முடியாது.

இன்னொன்றையும் கவனித்துச் சொல்லப் பழக வேண்டும். விழுங்கினால் வலிக்கிறதா, அல்லது வலியில்லாமல் உணவு மாட்டிக்கொள்கிறதா? இரண்டும் வேறு. வைரஸ் புண்ணின் முதன்மையான அடையாளம் வலி. எச்சில் விழுங்கவே யோசிக்கிற அளவுக்கு வலிக்கும்.

வைரஸ் எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு வைரஸ் புண் என்றதும் பாலர்பள்ளியிலிருந்து வரும் அழைப்புதான் நினைவுக்கு வரும். கை, கால், வாய்ப்புண் நோய். காக்சாக்கி, எண்டெரோ வைரஸ் 71 போன்ற வைரஸ்கள் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றி, வாயில் கொப்புளம் போட்டு, ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். வெளியிலிருந்து வந்தது, வெளியே போனது.

நாம் பேசுகிற புண்கள் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. முக்கியமான வைரஸ்கள் இரண்டு. ஒன்று ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், அதாவது காய்ச்சல் வரும்போது உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் போடுமே, அதே வைரஸ். இன்னொன்று சைட்டோமெகலோ வைரஸ். அதுவும் அதே ஹெர்பிஸ் குடும்பம்தான், ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்கள் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சின்ன வயதில் சளிக்காய்ச்சல் மாதிரி வந்திருக்கலாம், வந்ததே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

இந்தக் குடும்பத்தின் தனிக் குணம், ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாது என்பது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். சைட்டோமெகலோ, ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களில் தங்கும். பெருகாது, தொல்லை தராது, சும்மா கிடக்கும். இதற்கு உறக்கநிலை என்று பெயர். பிறகு மறுபடி பெருகத் தொடங்கினால் அது மறுவிழிப்பு. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் முதல் வகை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இருக்கிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எம்ஆர்டி பெட்டியில் எதிரே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் இருக்கும். உங்களிடமும், என்னிடமும் இருக்கலாம்.

அதனால்தான் 'நேத்து வெளியில சாப்பிட்டாரே, அதுலதான் வந்துச்சு' என்று காப்பிக்கடையைக் குறை சொல்வதில் பொருளில்லை. வைரஸ் வந்தது முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்பாக இருக்கலாம்.

காவலில் இரண்டு வகை

ஒரு கொண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு காவலர் உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களின் பெயரையும் வண்டி எண்ணையும் பார்க்கிறார். இன்னொருவர் மாடி மாடியாக ரோந்து போகிறார். மூன்றாம் மாடியில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஒரு ஆசாமி, வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்துச் சுவரை இடிக்கக் கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அவரைத் தடுப்பது வாசல் காவலர் அல்ல. அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரே! தடுப்பது ரோந்துக்காரர்தான். ரோந்துக்காரருக்கு நீண்ட விடுப்புக் கொடுத்துவிட்டு வாசலில் நாலு பேரைக் கூடுதலாகப் போட்டாலும் மூன்றாம் மாடிச் சுவர் இடியும்.

உடம்பில் வாசல் காவல் பார்ப்பவை எதிர்ப்புப் புரதங்கள். ரத்தத்தில் மிதந்து, வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் அவை. ரோந்து போவது டி செல், அதாவது நம்முடைய செல்களைத் தொட்டுப் பார்த்து, எந்தச் செல்லுக்குள் வைரஸ் பெருகுகிறதோ அந்தச் செல்லை அழிக்கும் ஒரு வகை வெள்ளணு. ஹெர்பிஸ் குடும்பத்தை வாழ்நாள் முழுக்க அடக்கி வைப்பது பெரும்பாலும் டி செல்தான்.

'இம்யூனிட்டி கம்மி', 'இம்யூனிட்டி ஜாஸ்தி' என்று நாம் பேசுகிற பேச்சு இந்த இடத்தில்தான் தடம் புரள்கிறது. எதிர்ப்புச் சக்தி என்பது ஒரே அளவுகோலில் ஏறி இறங்குகிற பொருள் இல்லை. எந்தக் காவல் குறைந்தது என்பதைப் பொறுத்தே எந்தக் கிருமி தலைதூக்கும் என்பது அமையும். ஒருவர் சளியே பிடிக்காமல் தெம்பாக நடமாடிக்கொண்டிருக்கலாம், அதே நேரம் அவருடைய உணவுக்குழாயில் சைட்டோமெகலோ புண் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

இதுவரை சொன்னது: புண் பெரும்பாலும் உணவுக்குழாயில். வைரஸ் பழைய குடித்தனக்காரர். அதை அடக்கி வைத்த டி செல் குறைந்ததால் விழித்துக்கொண்டது.

டி செல் காவல் யாருக்குக் குறைகிறது?

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு மருத்துவர்களே வேண்டுமென்று குறைக்கிறார்கள். புதுச் சிறுநீரகத்தை அந்நியன் என்று கண்டு தாக்குவதும் டி செல்தான். அதனால் கொடுக்கும் மருந்துகளில் டாக்ரோலிமஸ், டி செல் கிளம்புவதற்கான சமிக்ஞையைத் தடுக்கிறது. மைக்கோஃபினோலேட் அவை பெருகுவதைத் தடுக்கிறது. சிறுநீரகம் பிழைக்க வேண்டுமென்றால் இதைத் தவிர வழியில்லை. சைட்டோமெகலோ தொல்லை வரும் என்று தெரிந்தே முதல் சில மாதங்களுக்குப் பலருக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். ஆபத்தான காலம், அந்த மாத்திரையை நிறுத்திய பிறகு வரும் சில மாதங்கள். 'எல்லாம் நல்லபடியா போச்சு' என்று வீட்டில் மூச்சு விடுகிற நேரம் அது.

கீமோ, குறிப்பாக ரத்தப் புற்றுநோய்க்கான கீமோ, வெள்ளணுக்களையே குறைத்துவிடும். குருத்தணு, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல், மாற்று செய்துகொண்டவர்களுக்கு இன்னும் அதிகம். எச்ஐவி நேரடியாக டி செல்களில் ஒரு வகையைத் தாக்கி அழிக்கிறது. அந்த வகை, ஆரோக்கியமானவரிடம் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 100க்குக் கீழே, பெரும்பாலும் 50க்கும் கீழே போனவர்களிடம்தான் சைட்டோமெகலோ புண் வழக்கமாகத் தலைகாட்டும். மருந்தை ஒழுங்காக எடுக்கும் எச்ஐவி நோயாளிகளிடம் இது இப்போது அரிது. ஆனால் வேறு காரணமே தெரியாத ஒருவருக்கு இப்படிப் புண் வந்தால் மருத்துவர் எச்ஐவி சோதனை கேட்பார். அது அவர் நடத்தையைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

ஸ்டீராய்ட் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்து, அளவு தெரிந்து சாப்பிடுவது ஒரு பக்கம். தெரியாமலே சாப்பிடுவது இன்னொரு பக்கம். மூட்டுவலிக்கு 'முழுக்க மூலிகை, பக்க விளைவே கிடையாது' என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, ஜொகூருக்குப் போகிறவரிடம் சொல்லிவிட்டோ இணையத்திலோ வாங்கும் மாத்திரைகள் இருக்கின்றன அல்லவா? அப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டீராய்ட் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் முழங்கால் வலி பறந்துபோவது மூலிகையின் மகிமை அல்ல. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டையாகும், சர்க்கரை ஏறும், டி செல் காவலும் குறையும். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே மறைக்காமல் மருத்துவரிடம் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பாட்டி மறைப்பார், பேரப்பிள்ளைதான் எடுத்துப்போக வேண்டும்.

மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று

இரண்டு வைரஸும் ஒரே குழாயில் புண் போட்டாலும் வேலை செய்யும் விதம் வேறு. எனக்கு இந்தப் பகுதிதான் இந்த விஷயத்திலேயே சுவையானது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தாக்குவது குழாயின் உட்புற மேல்தோலை. வைரஸ் நுழைந்த செல் உப்பும், பக்கத்துச் செல்லோடு ஒட்டி ஒன்றாகும், பிறகு வெடிக்கும். சிறு கொப்புளம் உடைந்து ஆழமில்லாத சிறு சிறு புண்கள் நிறைய உண்டாகும். வைரஸ் இருப்பது புண்ணின் ஓரத்தில், இன்னும் உயிரோடிருக்கும் தோல் செல்களில்.

சைட்டோமெகலோ மேல்தோலைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதற்கடியில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்களைத் தாக்கும். அவை வீங்கி ரத்த ஓட்டம் அடைபடும், மேலே இருக்கும் திசு ரத்தமில்லாமல் சாகும். அதனால் புண்கள் எண்ணிக்கையில் குறைவாக, பெரிதாக, ஆழமாக, சில சமயம் நீளவாக்கில் இருக்கும். வைரஸ் இருப்பது புண்ணின் அடித்தளத்தில்.

இந்த வேறுபாடு பரிசோதனையில் நேரடியாக உதவுகிறது. எண்டோஸ்கோபி, அதாவது நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய வளையும் குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்க்கும் சோதனை செய்யும்போது, மருத்துவர் புண்ணின் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் அரிசிமணி அளவுக்கும் சிறிய திசுத் துணுக்குகள் பலவற்றை எடுப்பார். இப்படித் துணுக்கு எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்சி. ஓரத்தில் மட்டும் எடுத்தால் சைட்டோமெகலோ தப்பிவிடும், அடியில் மட்டும் எடுத்தால் ஹெர்பிஸ் தப்பிவிடும். சைட்டோமெகலோ புகுந்த செல் நுண்ணோக்கியில் பெருத்து, நடுவில் கருமணியும் சுற்றி வெள்ளை வளையமுமாகத் தெரியும். ஆய்வகத்தில் அதற்கு ஆந்தைக்கண் என்றே பெயர்.

'ரத்தப் பரிசோதனை போதாதா, எதுக்கு வாய்க்குள்ள குழாய்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்றால் வைரஸ் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்றுதான் பொருள். இன்றைய புண்ணுக்கு அது காரணமா என்று அது சொல்லாது. ரத்தத்தில் வைரஸின் அளவை எண்ணும் சோதனையும் உணவுக்குழாய்ப் புண் இருக்கும்போதே சில சமயம் எதுவும் காட்டாமல் போகும்.

வைரஸ் இல்லாத காரணங்களும் உண்டு

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு விழுங்கும்போது வலி வந்தால், அதிகம் காணப்படும் காரணம் வைரஸே அல்ல. காண்டிடா என்ற பூஞ்சை. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் மருத்துவர் சிலருக்கு முதலில் பூஞ்சை மருந்து கொடுத்து, சில நாளில் குறைகிறதா என்று பார்ப்பது வழக்கம். குறையாவிட்டால் எண்டோஸ்கோபி. ஒரே நேரத்தில் பூஞ்சையும் வைரஸும் சேர்ந்து இருப்பதும் நடக்கிறது. இது தவிர கீமோவே தோலை உரித்துப் புண் போடும். டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகளைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு உடனே படுத்தாலும் அவை குழாயில் ஒட்டிப் புண் உண்டாக்கும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது; இங்கே பயனில்லை. ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர். அதைக் கண்டுபிடித்த குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாப்பிடும்போது அது வேலை செய்யாத வடிவில்தான் இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ், தான் பெருகுவதற்காக ஒரு என்சைமை, அதாவது வேதிவினையை முடுக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அந்த என்சைம்தான் மருந்தையும் முடுக்கிவிடுகிறது. முடுக்கிய மருந்து வைரஸின் மரபுச் சங்கிலியில் போய் உட்கார்ந்து, சங்கிலி மேலே வளராமல் நிறுத்திவிடுகிறது. வைரஸ் இல்லாத செல்லில் மருந்து ஏறக்குறைய சும்மா இருக்கும். அதனால் பக்க விளைவு குறைவு. உறங்கும் வைரஸை அது தொடாததற்கும் இதே காரணம்தான். புண் ஆறும், வைரஸ் போகாது.

சைட்டோமெகலோவிடம் அந்த என்சைம் இல்லை. அதற்கு அசைக்ளோவிர் சரிப்படாது. அதனிடம் உள்ள வேறொரு என்சைம் முடுக்குகிற கான்சைக்ளோவிர் ஊசியோ, அதன் மாத்திரை வடிவமான வால்கான்சைக்ளோவிரோ தேவை. இது வெள்ளணுக்களைக் குறைக்கக் கூடியது, ஆகவே அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். இரண்டு மருந்துக்கும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தே அளவு போடுவார்கள். ஹெர்பிஸுக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வாரம், சைட்டோமெகலோவுக்கு அதைவிடக் கூடுதலாகும். வலி நின்ற நாளில் மாத்திரையை நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அது வேண்டாம். குருத்தணு மாற்று செய்துகொண்ட சிலருக்குச் சைட்டோமெகலோவைத் தடுக்க லெட்டர்மோவிர் கொடுப்பார்கள். அது ஹெர்பிஸைத் தடுக்காது. 'ரெண்டும் வைரஸ் மாத்திரைதானே' என்று கூடவே தரும் அசைக்ளோவிரை விட்டுவிடக் கூடாது.

சுருக்கமாக: எந்த வைரஸ் என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும்.

வீட்டில் செய்வதும் செய்யக் கூடாததும்

ஆறின கஞ்சி, தயிர், இட்லி, நுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்குவது எதுவும் நல்லது. சம்பல், ரசம், புளிக்குழம்பு, சூடான காப்பி கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும். இப்படிப் பார்த்துச் சாப்பிடுவது புண்ணை ஆற்றாது, ஆனால் சாப்பிட முடிந்தால் உடம்பு தாங்கும்.

எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாக விற்கும் பொடியும் கஷாயமும் மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு வேண்டவே வேண்டாம். அது உண்மையிலேயே தூண்டினால் சிறுநீரகத்துக்குத் தீங்கு, தூண்டாவிட்டால் காசுக்குத் தீங்கு. சீனப் புத்தாண்டுக்கு வீடு வீடாக வரும் பம்பளிமாஸும், கிரேப்ஃபுரூட்டும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக் கூடியவை. வீட்டில் மிச்சமிருக்கும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் அப்படியே. சாதாரண ஆளுக்குத் தீங்கில்லாத மாத்திரை இவருக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. விழுங்க வலிக்கிறது என்று உணவைக் குறைப்பவர் மாத்திரையையும் குறைப்பார். 'ரெண்டு நாள்தானே' என்று டாக்ரோலிமஸை விட்டால் உடம்பு புது உறுப்பை நிராகரிக்கத் தொடங்கலாம். மாத்திரை இறங்கவில்லை என்றால் அன்றைக்கே உறுப்பு மாற்று சிகிச்சைக் குழுவின் தாதியை அழைத்துச் சொல்ல வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர்கூட இறங்கவில்லை, ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம், திடீரென்று கடுமையான நெஞ்சுவலி என்றால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ். கீமோ எடுப்பவருக்கு உடல்வெப்பம் 38 டிகிரியைத் தொட்டாலே அவசரச் சிகிச்சைப் பிரிவு, நள்ளிரவானாலும் சரி.

போகும்போது மருத்துவரிடம் முதல் வாக்கியமாக 'தொண்டை வலி' என்று சொல்லாதீர்கள். "எனக்குச் சிறுநீரக மாற்று செய்திருக்கிறது, விழுங்கினால் நெஞ்சுக்குள் வலிக்கிறது" என்று சொல்லுங்கள். வரிசை மாறும், யோசனையும் மாறும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்து அவரை ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இந்த வைரஸ்கள் ஏற்கெனவே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அவர்களுடைய டி செல்கள் ரோந்தில் இருக்கின்றன. விலக்கு இரண்டு. உதட்டில் கொப்புளம் இருக்கும்போது பிறந்த குழந்தையை யாரும் முத்தமிடக் கூடாது, தாத்தா பாட்டியும்தான். ஹெர்பிஸ் அந்த வயதில் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள், எச்சிலோ சிறுநீரோ பட்ட துணியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஏனென்றால் சைட்டோமெகலோ வயிற்றில் இருக்கும் சிசுவைப் பாதிக்கக் கூடியது. மற்றபடி வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.